கூலிக் கணக்குக்கு ஒரு வீடியோ வகுப்பு: நாலு ஸ்டார்

காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) பேப்பரில் ஒருமுறை கோட்டைவிட்டவன் நான். கவிழ்த்தது ரெலவண்ட் காஸ்ட் பாடம், அதாவது ஒரு முடிவால் கூடுதலாக ஆகும் செலவை மட்டும் எடுக்கிற கணக்கு. அதிலும் மெட்டீரியல் எப்படியோ பிடிபட்டுவிட்டது. கூலி வந்தால்தான் தடுமாற்றம். பகலெல்லாம் சம்பளப் பட்டியல் போடுகிறவனிடம் போய் ‘இந்தக் கூலி செலவே இல்லை’ என்றால் மனசு ஒப்புமா?

இந்த வகுப்பில் கூலிக்கு மட்டும் 40 நிமிடம். ஆசிரியர் சூத்திரம் எதுவும் எழுதவில்லை. “ஆர்டரை எடுத்தால் கையைவிட்டுக் கூடுதலாக என்ன போகும்?” இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஆட்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள், சம்பளம் எப்படியும் உண்டு: பூஜ்யம். ஓவர்டைம் போட்டால் அந்த ஒன்றரை மடங்குக் கூலி முழுசும் சேரும். சூப்பர்வைசரின் மாதச் சம்பளத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிடலாம்.

எனக்கு விளங்காமல் இருந்தது, ஆளை வேறு வேலையிலிருந்து இழுக்கும் கணக்கு. அவர் எடுத்த உதாரணம், அந்த வேறு வேலையில் செய்கிற பொருள் ஒன்று: விலை 100, மெட்டீரியல் 40, மற்ற வேரியபிள் செலவு (உற்பத்தியோடு ஏறி இறங்குவது) 10, கூலி 2 மணி நேரத்துக்கு 30. காண்ட்ரிப்யூஷன், அதாவது விலையில் இந்தச் செலவெல்லாம் போக மிச்சம், 20; மணிக்கு 10. நானாக இருந்தால் 10 என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அவர் வீடியோவை அங்கேயே நிறுத்தச் சொல்கிறார். அந்தப் பொருளைச் செய்யாவிட்டால் 100 வராது. மிச்சமாவது 40-ம் 10-ம்தான், கூலி எப்படியும் கொடுத்தாக வேண்டும். ஆக இழப்பு 50, மணிக்கு 25. கூலி 15, இழந்த காண்ட்ரிப்யூஷன் 10, இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 25. ராத்திரி பதினொரு மணிக்கு இது உறைத்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

அப்புறம் குறைகள். வெளியாள் மணிக்கு 22-க்குக் கிடைத்தால் 25-ஐ விட்டுவிட்டு 22-ஐ எடுக்க வேண்டும். தேர்வில் காலை வாருகிற இடமே இதுதான்; அவர் அரை நிமிடத்தில் தாண்டிவிட்டார். போனில் பார்த்தால் போர்டு எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கிறது.

ஒரு ஸ்டார் குறைத்ததற்குக் காரணம் பயிற்சி விடைத்தாள். இதே மாதிரிக் கணக்கு ஒன்றுக்கு அதில் கூலியை விட்டுவிட்டு வெறும் காண்ட்ரிப்யூஷனை மட்டும் போட்டிருக்கிறார்கள். வகுப்பில் கேட்டதையே மேற்கோள் காட்டி மெயில் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து ‘சரிபார்க்கிறோம்’ என்று பதில் வந்தது. விடைத்தாள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.