ரெண்டு வருஷமா ரோபோ வழி தொலைச்ச கதை: என்கோடர், லைடார், யுடபிள்யுபி, ஏப்ரில்டேக்

பில்டிங்குக்குள்ள சாமான் தூக்கிட்டுப் போற சின்ன ரோபோ ஒண்ண ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டிட்டு இருக்கேன். உள்ள ஜிபிஎஸ் எடுக்காது, தான் எங்க நிக்கிறோம்னு அதுவே கண்டுபிடிச்சாகணும். இதுக்காக மாட்டிப் பார்த்ததெல்லாம் எப்படி உழைச்சுதுன்னு எழுதறேன்.

முதல்ல வீல் என்கோடர் (சக்கரம் எவ்வளவு சுத்துச்சுன்னு எண்ணுற சென்சார்) மட்டும் தான். நேரா போறப்ப பரவால்ல, திரும்புனா தான் வினையே, ஒரு டிகிரி திசை தப்புனாலும் 10 மீட்டர் போறதுக்குள்ள 17 செ.மீ. ஒதுங்கிடும், கதவு நிலைல இடிக்க அது போதும். கைரோ (திரும்புறத அளக்குற சென்சார்) சேர்த்தேன், திருப்பம் நல்லாச்சு, ஆனா தப்பு சேர்ந்துக்கிட்டே போறது நிக்கல.

அப்புறம் 2டி லைடார் (சுத்தி லேசர் அடிச்சு சுவரு எவ்வளவு தூரம்னு அளக்குற சென்சார்), கூட ராஸ்ங்கிற ரோபோ சாஃப்ட்வேர்ல வர்ற ஏஎம்சிஎல், மேப்ல ரோபோ எங்க நிக்குதுன்னு கணிக்கிற புரோகிராம். மேப் மேல நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல புள்ளிய (ஒவ்வொண்ணும் ரோபோ இங்க இருக்கலாம்னு ஒரு யூகம்) தூவி, லைடார் பாக்குறதோட ஒத்துப்போறத வச்சுக்கிட்டு மத்தத கழிச்சுக் கட்டிடும். ரூமுக்குள்ள அசத்தல். நீள காரிடார்ல தான் கழுத்தறுப்பு, ரெண்டு பக்கமும் மொட்டைச் சுவரு, எங்க நின்னாலும் ஒண்ணு போல தெரியுது, அதனால நடுவுல பக்காவா போகும் ஆனா நீளவாக்குல ஒரு மீட்டர் முன்ன பின்ன ஆகி, கதவே இல்லாத இடத்துல சுவத்துக்குள்ள திரும்பப் பாக்கும். ஆறு மாசம் பாராமீட்டர நோண்டினேன். சுவத்துல அடையாளமே இல்லன்னா அல்காரிதம் பாவம் என்ன பண்ணும்னு அப்புறம் தான் உறைச்சுது.

கண்ணாடித் தடுப்பு தனி இம்சை, லேசர் பாதி நேரம் ஊடுருவிப் போயிடுது. அத மேப்ல சுவரா வரைஞ்சேன், இன்னும் மோசமாச்சு, ஏன்னா லைடார் பாக்காத சுவர மேப் காட்டுது. இடம் கண்டுபிடிக்கிற மேப்ல இருந்து அத எடுத்துட்டு, வழி போடுற மேப்ல மட்டும் தடையா வச்சதும் சரியாச்சு.

அடுத்து யுடபிள்யுபி (அல்ட்ரா வைட்பேண்ட் ரேடியோ) ஆங்கர், அதாவது ஒரே இடத்துல நிக்கிற ரேடியோ பெட்டி, நாலு மாட்டினேன். ரேடியோ அலை போய்ச்சேர்ற நேரத்த வச்சு தூரம் கணக்குப் போடுது, ஒரு நானோசெகண்ட் பிசகினா 30 செ.மீ. போச்சு. திறந்த இடத்துல 10, 20 செ.மீ.க்குள்ள நிக்குது, இரும்பு ரேக்குக்குப் பின்னாடி போனா தாவுது, நின்ன இடத்துல எந்தப் பக்கம் பாக்குதுன்னும் சொல்லாது. இப்ப அத ஒரே வேலைக்கு வச்சிருக்கேன், யாராவது ரோபோவத் தூக்கி வேற இடத்துல வச்சுட்டா (கிட்நாப்ட் ரோபோனே இதுக்குப் பேரு) ஏஎம்சிஎல்லுக்கு முதல் துப்பு குடுக்க.

காரிடாரக் கடைசில காப்பாத்துனது வெறும் பேப்பர் தான், பிரிண்ட் போட்ட ஏப்ரில்டேக், க்யூஆர் கோடு மாதிரி கருப்பு வெள்ளைக் கட்டம், கேமரா அதப் பாத்து ரோபோ எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சுடும். லேமினேட் பண்ணாதீங்க, லைட் பட்டு பளபளன்னு ஆகி கேமராவுக்குத் தெரியாது. போன மாசம் டேக் ஒட்டியிருந்த நோட்டீஸ் போர்ட யாரோ ரெண்டு கதவு தள்ளி மாட்டிட்டாங்க, ரோபோவும் அந்தப் பேப்பர நம்பி முழு நம்பிக்கையோட ஸ்டோர் ரூமுக்குள்ள போய் நின்னுச்சு. இப்ப டேக் எல்லாத்தையும் சுவத்துலயே ஒட்டிட்டேன்.