பாதுகாப்பு அறிவியல் பட்டம் என்று சொல்லிப் பணம் கேட்கிறார்களா? பொறுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காட்பாடியில் 'பி.எஸ்சி. பாதுகாப்பு அறிவியல்' படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஒரு மையத்தில் என் அக்கா மகன் ஓராண்டையும் அறுபதாயிரம் ரூபாயையும் தொலைத்துவிட்டு நிற்கிறான். காவல் துறையிடம் கொடுத்த மனு விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பயனில்லை. இவர்கள் பலகையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இந்தத் தூண்டிலுக்கு எப்போதும் மீன் கிடைக்கும். கணியம்பாடிக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறோம். தக்கோலத்தில் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம், அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளம், தொரப்பாடியில் மத்தியச் சிறை, அதன் அருகிலேயே சிறை அதிகாரிகளுக்கான பயிற்சி நிறுவனம். இவற்றையெல்லாம் பார்த்து வளர்கிற பையனிடம் "மூன்று வருடம் படி, விமான நிலையத்தில் அதிகாரி வேலை" என்று ஒருவர் சொன்னால் அவன் கண் விரியாமல் என்ன செய்யும்? பையனின் அப்பாவான என் மாமாவும் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகப்படத் தோன்றவில்லை. கட்டணத்தைக் கட்டி, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்களின் அசலையும் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

வகுப்பு என்று நடந்தது வாரத்தில் இரண்டு நாள், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். பயிற்றுநராக வந்தவர் ஒரே ஒருவர்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது பையனின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பாடம் சீருடையைச் சரியாக அணிவது. அடுத்து தீயணைப்புக் கருவியின் வகைகள், கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, முதலுதவி, வெடிபொருளை அடையாளம் காண்பது. போலீசிலும் ராணுவத்திலும் தோள்பட்டைச் சின்னங்கள் எப்படி இருக்கும் என்று நான்கு பக்கம் படம் போட்டு வைத்திருந்தான். அதற்குப் பிறகு வந்ததைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை: அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் படிக்கும் பயிற்சி. இயற்பியலும் வேதியியலும் ஆங்கில வழியில் படித்துத் தேறிய பையனுக்கு!

இந்த வரிசை எனக்கு மனப்பாடம். ராணுவத்திலிருந்து வந்த பிறகு ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் காவல் மேற்பார்வையாளராகச் சேர்ந்தபோது நானே உட்கார்ந்து கேட்ட பாடம் இது. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இல் வந்தது. அதையொட்டி மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப் பயிற்சி என்று இருக்கிறது. குறைந்தது 20 வேலை நாட்களில் முடிக்க வேண்டும். எங்களைப் போன்ற முன்னாள் படைவீரர்களுக்கு 40 மணி நேரமும் 16 மணி நேரமும் போதும். தோள்பட்டைச் சின்னம், அடையாள அட்டையைப் படிப்பது எல்லாம் அந்த விதிகளில் அப்படியே உள்ள பாடங்கள். மையம் செய்த வேலை, இருபது நாள் பாடத்தை மூன்று வருடத்துக்கு இழுத்து, அதற்குப் பட்டம் என்று பெயர் சூட்டியதுதான்.

காவலாளி வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் அதற்குப் பட்டம் தேவையில்லை. 18 வயது நிறைந்து, உடல் தகுதி இருந்து, நன்னடத்தை சரிபார்ப்பும் பயிற்சியும் முடிந்தால் போதும்.

பாதுகாப்பு அறிவியல் என்று ஒரு படிப்பே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் எடித் கோவன் பல்கலைக்கழகம் அந்தப் பெயரிலேயே படிப்பு நடத்தியிருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு எந்த வழியில் ஆபத்து வரும், அதன் அளவு என்ன, எவ்வளவு செலவழித்துத் தடுப்பது நியாயம் என்று கணக்கிடுவது அதன் அடிப்படை. வேலி, பூட்டு, கேமரா, காவலர் என்று அடுக்கடுக்காகத் தடுப்பு வைப்பது ஏன், தெருவும் விளக்கும் வாசலும் அமையும் விதத்தாலேயே குற்றத்தைக் குறைப்பது எப்படி, தகவல் பாதுகாப்பு, சட்டம் என்று அது விரியும். நம் நாட்டில் இந்தத் துறைக்கென்றே 2020-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் குஜராத்தில் ராஷ்ட்ரீய ரக்ஷா பல்கலைக்கழகம் அமைந்தது. தமிழ்நாட்டுக்குள்ளேயே படிக்க வேண்டுமானால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. பையனின் நோட்டில் இவற்றின் வாசனைகூட இல்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பெயர் அதில் இல்லை, நிம்மதி" என்று மாமா இருந்துவிட்டார். இருக்காதுதான். ஏனென்றால் பட்டம் தரும் என்று மையத்தின் விளக்கக் கையேட்டில் அச்சடித்திருந்த வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் உண்மையானது. மையம்தான் பொய். பல்கலைக்கழகப் பதிவாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். வேலூரில் தங்களுக்கு மையம் எதுவும் கிடையாது, பையனுக்கு மையம் கொடுத்த சேர்க்கை எண்ணில் மாணவர் யாரும் இல்லை என்று பதில் வந்தது. தனியார் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லையைத் தாண்டி நினைத்த இடத்தில் கிளை திறக்க முடியாது, வேறு ஒருவருக்கு உரிமம் கொடுத்து நடத்தவும் முடியாது. தொலைநிலைக் கல்வி என்றால் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தர வேண்டும். 2024 முதல் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேரும் மாணவர் அந்தப் பிரிவின் தளத்தில் தானே பதிந்து ஓர் அடையாள எண் பெற வேண்டும். அந்த எண்ணை உங்களிடம் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

விமான நிலைய அதிகாரி வேலை என்ற வாக்குறுதியையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையில் உதவி கமாண்டன்ட் ஆக யு.பி.எஸ்.சி. தேர்வும், உதவி ஆய்வாளர் ஆக எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வும் எழுத வேண்டும். இரண்டுக்கும் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு பட்டம் போதும். தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதலாம். அங்கீகாரம் இல்லாத பட்டத்தை நீட்டினால் சான்றிதழ் சரிபார்ப்பிலேயே வெளியே போக வேண்டியதுதான்.

மையத்துக்கு நேரில் போனேன். 'ஒருங்கிணைப்பாளர்' நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, "சார், நீங்களே துறையில் இருப்பவர், உங்களுக்குத் தெரியாததா?" என்று குழைந்தார். மாணவர் விலகினால் கட்டணத்தைத் திருப்புவது பற்றியும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது பற்றியும் 2018-இல் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பை எடுத்து வைத்தேன். குரல் மாறியது. "அது கல்லூரிகளுக்கு, சார். நாங்கள் அறக்கட்டளை" என்றார். கல்லூரி இல்லை என்பதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். எழுதவில்லை. ஆனால் பீரோவைத் திறந்து சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதே அலமாரித் தட்டில் இன்னும் ஒரு கட்டு பிளாஸ்டிக் உறைகள் இருந்தன. அத்தனையும் ஏதோ வீட்டுப் பிள்ளைகளுடைய அசல்கள்.

பணம் வரவில்லை. ரசீதை விரித்துப் பார்த்தபோதுதான் சூழ்ச்சி புரிந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் எங்குமே இல்லை. மேலே ஓர் அறக்கட்டளையின் பெயர், கீழே ரப்பர் முத்திரை. 'விவரம்' என்ற கட்டத்தில் கட்டணம் என்று எழுதாமல் 'நன்கொடை' என்று எழுதியிருந்தார்கள். கொடுத்த நன்கொடையைத் திருப்பிக் கேட்க முடியுமா என்று நாளை கேட்பார்கள் அல்லவா? அந்த ஒரு சொல்லுக்காகவே இவர்களுக்கு நல்ல வக்கீல் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பையன் இந்த ஆண்டு ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறான். நாங்கள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும், பிறகு காவல் துறையிடமும் மனு கொடுத்திருக்கிறோம். பதிவாளரின் பதில் கடிதம்தான் அதில் எங்களுக்குப் பலம்.

இதே போன்ற மையத்தில் பணம் கட்டியவர்கள் முதலில் அசல் சான்றிதழ்களை வாங்கிவிடுங்கள். பணத் தகராறைத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். பணம் அனுப்பியதற்கான வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். குறிப்பாக அந்த விளக்கக் கையேட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ரசீதில் இல்லாத 'பட்டம்' என்ற சொல்லும் பல்கலைக்கழகத்தின் பெயரும் அதில்தான் அச்சாகியிருக்கின்றன.