ஜார்ஜ் டவுனில் வாடகை ட்ரோன் பறக்கவிடப் போகிறீர்களா? முன்பணம் பத்திரம்

பாரிமுனை, மின்ட் தெரு, சௌகார்பேட்டை பக்கம் மேலிருந்து படம் எடுக்க வாடகை ட்ரோன் எடுக்கிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான். எடுத்துப் போகும்போது எந்தப் பேச்சும் இருக்காது. திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் கேமராவை ஆட்டிப் பார்த்துவிட்டு "கிம்பல் போயிடுச்சு சார்" என்பார். கேமரா ஆடாமல் தாங்கிப் பிடிக்கும் பகுதிதான் கிம்பல். முன்பணத்தில் பாதியோ முழுதுமோ அங்கேயே நின்றுவிடும். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை போட்ட பிறகு, கையில் புழங்கும் பல கருவிகளுக்கு பில்லும் கிடையாது, வாரண்டியும் கிடையாது. பழுதுக்கு அவர் சொல்வதுதான் விலை.

அந்தப் பழுது பல சமயம் உங்களுக்கு முன்னாலேயே இருந்தது. அதனால் கடையிலேயே, கையில் வாங்கும் முன், வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். வரிசை எண் தெரியட்டும். நான்கு கைகளையும் விரித்து, மோட்டார் உட்காரும் இடத்தையும் கீல் பக்கத்தையும் வெளிச்சத்தில் காட்டுங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். கிம்பல் மூடியைக் கழற்றி ஆன் செய்யுங்கள். கேமரா ஒருமுறை மேலும் கீழும் அசைந்து நேராக நிற்க வேண்டும். நடுங்கினாலோ, ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, உள்ளே இருக்கும் மெல்லிய ரிப்பன் கேபிளோ கிம்பல் மோட்டாரோ ஏற்கெனவே அடி வாங்கியிருக்கலாம். அதை எடுக்காதீர்கள். ஆப்பில் பேட்டரி விவரத்தைத் திறந்து, எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது, செல்களின் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். செல்லுக்குச் செல் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும், பேட்டரி லேசாக உப்பியிருந்தாலும் வேறு கேளுங்கள்.

இதைவிட முக்கியம் பறப்புப் பதிவு. உங்கள் போனில், உங்கள் கணக்கில் பறக்கவிட்டால் பதிவு உங்களிடம் இருக்கும். திரை வைத்த ரிமோட்டைக் கொடுத்தால் அது கடையோடு போய்விடும். வேகம், உயரம், திசைகாட்டி எச்சரிக்கை, பேட்டரி இறக்கம் எல்லாம் அதில் இருக்கும். மோதியதா, தானாக விழுந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். ரிமோட்டை ஒப்படைக்கும் முன் பறப்புப் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்த பொய்: "249 கிராம்தான், எங்க வேணும்னாலும் பறக்கலாம்." 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை, பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் சிவப்பு (பறக்கத் தடை), மஞ்சள் (கட்டுப்பாடு) மண்டலத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்பதில் நானோவுக்கும் விலக்கு இல்லை. ஜார்ஜ் டவுனுக்குப் பக்கத்திலேயே தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கும் கோட்டை, உயர் நீதிமன்றம், துறைமுகம். எல்லோரும் எடுக்க விரும்புவது உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் குவிமாடங்களைத்தான், மாட்டிக்கொள்வதும் அங்கேதான். இந்த மண்டலங்களைக் காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் நீங்கள் நிற்கப்போகும் தெருவையே தட்டிப் பாருங்கள். தலைவர்கள் வரும் நாட்களில் மாநகரக் காவல்துறை தனியாகத் தடை போடும், அது வரைபடத்தில் இருக்காது. கடை காட்டும் "பர்மிஷன் லெட்டர்" யார் பெயரில், எந்தத் தேதிக்கு, எந்த இடத்துக்கு என்று படியுங்கள். போலீஸ் பிடித்தால் கருவியும் போகும், முன்பணமும் போகும், வழக்கு மட்டும் உங்கள் பெயரில் வரும்.

அந்த 249-ம் எந்த பேட்டரியோடு என்று கேளுங்கள். டிஜேஐ நிறுவனத்தின் மினி 3 ப்ரோ ட்ரோனில் 'ப்ளஸ்' பேட்டரி போட்டால் 250-ஐத் தாண்டி மைக்ரோ வகைக்குப் போய்விடும். வேறு கட்டாயங்கள் வரும். அதிக நேரம் பறக்கும் என்று அந்த பேட்டரியைத்தான் ஆசையாக எடுத்து நீட்டுவார்கள்.

தெரியாத தெருவில் கடை எச்சரிக்காத ஆபத்து கேபிள். மின்ட் தெரு போன்ற இடங்களில் தலைக்கு மேலே டிவி, இன்டர்நெட் கேபிள்கள் குறுக்கும் நெடுக்கும் தொங்கும். சந்துக்குள்ளிருந்து கிளப்பினால் சிக்னல் அறுந்ததும் ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்ப, 'ரிட்டர்ன் டு ஹோம்' என்று ஆப்பில் குறித்த உயரத்துக்குச் செங்குத்தாக ஏறப் பார்க்கும். டிஜேஐ மினி 2 போன்ற ட்ரோனுக்கு, தரையைப் பார்க்கும் சென்சார்தான் உண்டு. மேலே இருக்கும் கம்பி அதற்குத் தெரியாது. வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடியிலிருந்து கிளப்புங்கள். அங்கேயும் தளத்தில் வைக்காதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி திசைகாட்டியைக் குழப்பும், மேலே போனதும் ட்ரோன் வட்டமடித்து விலகும். பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்து, ஹோம் பாயின்ட் (திரும்பி வர வேண்டிய இடம்) பதிவானதாக ஆப் சொன்ன பிறகு கிளப்புங்கள். பட்டம் பறந்தாலோ பருந்து வட்டமிட்டாலோ உடனே இறக்குங்கள்.

முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். யுபிஐ-யில் "ட்ரோன் வாடகை முன்பணம், திருப்பித் தர வேண்டியது" என்று குறிப்போடு அனுப்புங்கள். எந்தப் பழுதுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். அப்படியும் பிடித்துக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் கொடுக்கும்போது வீடியோ, பறப்புப் பதிவு, யுபிஐ ரசீது மூன்றையும் சேர்த்தே கொடுங்கள்.