வாட்டர் பால்ஸ் பொட்டலம்: வகுப்பறைக்கு வாங்கலாம், வீட்டுக்கு வேண்டாம்

மேல்நிலை வகுப்புக்கு விரவுதலை, அதாவது ஒரு பொருளின் மூலக்கூறுகள் இன்னொன்றுக்குள் தாமாகப் பரவுவதை, கண்ணால் காட்ட ஏதேனும் கிடைக்குமா என்று தேடியபோது, மதுரை கீழமாசி வீதிக்கு அருகில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் 30 ரூபாய்க்கு இந்தப் பொட்டலம் அகப்பட்டது. கடுகளவு மணிகள் நீரில் நெல்லிக்காய் அளவுக்கு உப்பும் என்று அட்டை சொல்கிறது. பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஓர் இரவு ஊறியும் அவை பட்டாணியைத் தாண்டவில்லை. கேன் தண்ணீரில் இட்டவையோ சொன்னபடியே வந்தன. கிணற்றின் உப்புநீரிலுள்ள கால்சியம் அயனிகள், மணியிலுள்ள பலபடி (பாலிமர்) என்னும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவிடுவதால், அவை பின்னிய வலை விரிய முடிவதில்லை என்பதால், இந்தக் குறையை மணியின் மேல் ஏற்ற மாட்டேன்.

நன்கு உப்பிய மணிகளில் சிலவற்றைக் கேசரிப் பவுடர் கரைத்த நீரிலும், சிலவற்றை ஆறிய வடிகஞ்சியிலும் இரண்டு நாள் வைத்தேன். முதல் வகையைப் பிளேடால் பிளந்தபோது நிறம் நடுவரை ஊறியிருந்தது. கஞ்சியில் கிடந்ததைப் பிளந்து அயோடின் கரைசலைத் தொட்டு வைத்தால், விளிம்பு மட்டும் நீலமாயிற்று. உள்ளே அயோடினின் பழுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. சாய மூலக்கூறு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் அளவே உள்ளதால் வலைக்கண்களில் நுழைந்துவிடுகிறது. பல்லாயிரம் குளுக்கோஸ் அலகுகள் கோத்த மாவுச்சத்துச் சங்கிலியோ வாசலிலேயே சிக்கிக்கொள்கிறது. சாயமேறிய மணியைக் கல்லுப்பு கரைத்த நீரில் இட்டதும் அது சுருங்கி, நீரோடு சாயத்தையும் கக்கியது. எலுமிச்சைச் சாற்றிலும் மணி சுருங்கவே செய்தது. வலை சுருங்கினால் கண்களும் குறுகும், பெரிய மூலக்கூறு வெளியேற வழியிராது. பெரிய மூலக்கூறுகளான புரத மருந்துகளை இம்மணி போன்ற ஜெல்லில் அடைத்து, உடலின் அமிலத்தன்மைக்கேற்ப வெளிவிடும் முயற்சிகளுக்கு அடிப்படை இதுதான்.

வெப்பத்துக்குச் சுருங்கும் ஜெல்லை இதில் எதிர்பார்க்க வேண்டாம். அது பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்னும் வேறு பலபடி. 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சுருங்குவதால், மதுரைச் சித்திரை வெயிலில் அடுப்பே தேவைப்படாது.

என் மனக்குறை அட்டையைப் பற்றியது. எந்தப் பலபடி என்ற விவரமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. குழந்தை விழுங்கினால் மணி குடலுக்குள் உப்பி அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் எக்ஸ்ரேயிலும் தெரியாது. ஆகவே மாணவர்களுக்கு எண்ணியே கொடுக்கிறேன், வகுப்பு முடிந்ததும் எண்ணியே திரும்ப வாங்குகிறேன்.