தலைப்பிரசவத்துக்கு வந்த மகளும் மாடியில் அடித்த வெள்ளை பெயிண்ட்டும்

வெயிலைத் தடுக்கும் வெள்ளை பெயிண்ட் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் வேறு செலவைத் தள்ளிப்போட்டாவது வாங்குங்கள்.

குடியாத்தத்தில் எங்களுடையது மாடி கட்டாத தளம் போட்ட வீடு. சித்திரையில் பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் தளம் விடியும்வரை அதைக் கக்கிக்கொண்டிருக்கும். மகளுக்கு அக்கினி நட்சத்திரத்தில்தான் பிரசவத் தேதி. எனவே மாசியிலேயே அடித்துவிட்டோம்.

20 லிட்டர் வாளி ரூ.4,200, ஆள் கூலி தனி. கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் அடுத்த மழைக்கே உரிந்துவிடும்.

பிற்பகல் 3 மணிக்கு, பெயிண்ட் படாத பின்கட்டில் 39 டிகிரி. மகள் படுத்திருந்த அறையில் 36. பத்து டிகிரி குறையும் என்று வாளியில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். ஆனால் மூன்று டிகிரியை அற்பமாகவும் நினைக்காதீர்கள். அகமதாபாத் சாரதாபென் மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்தளத்தில் இருந்தது. 2010 வெப்ப அலையில், 42 டிகிரிக்கு மேல் கூடிய ஒவ்வொரு டிகிரிக்கும், வெப்பம் தாக்கித் தீவிர சிகிச்சைக்கு வந்த பச்சிளங்குழந்தைகள் 43 சதவீதம் அதிகரித்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதும் அது வெகுவாகக் குறைந்தது. கூரைச் சூடு குழந்தையை எப்படித் தாக்குகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

குறைகளும் உண்டு. புழுதி படிந்தால் பலன் குறைகிறது. அவ்வப்போது கழுவ வேண்டும். நண்பகலில் மாடி ஏறினால் கண் கூசுகிறது. ஈரத்தில் வழுக்கும், கர்ப்பிணியைத் துணி காயப்போட அனுப்பவே கூடாது.

பெயிண்ட் அடித்துவிட்டோம் என்று மற்றதை விட்டுவிடவும் முடியாது. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கத்திரி வெயிலிலும் குழந்தையைத் துணிமேல் துணியாகச் சுற்றி வைக்கும் வீடுகளைப் பார்த்துச் சண்டையே போட்டிருக்கிறேன். மெல்லிய பருத்தித் துணி ஒன்று போதும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே. குழந்தைக்கு நாவறண்டுவிடும் என்று தண்ணீர் புகட்டக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டியவள் தாய்.

என் மனத்தை அறுப்பது வேறு. எங்கள் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே நிறைமாதம்வரை பீடி சுற்றும் பெண்கள் பலர். வாடகை வீட்டுக்கு யார் பெயிண்ட் அடிப்பார்கள்? சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்பவர்களுக்கு வீட்டுக் கூரை குளிர்ந்தாலும் பகலில் பயனில்லை. சென்னை ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரிடம் நடத்திய ஆய்வு 2024-இல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் இரு மடங்கு என்றது அது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரூ.18,000 அளவுக்கு உதவி தரும் அரசு, கர்ப்பிணி வசிக்கும் கூரைக்கு ஒரு வாளி பெயிண்ட்டையும் அதில் சேர்க்க வேண்டும்.

வாங்க முடியாதவர்கள் சுண்ணாம்பாவது அடியுங்கள். மழையில் கரைந்துவிடும்தான், ஆனால் ஒரு கோடைக்குத் தாங்கும். பங்குனி பிறப்பதற்குள் அடித்துவிடுங்கள்.