மீன் வளர்ப்புப் பயிற்சிக்கான அரசுப் பணம்: கல்லூரியா, குளக்கரையா, வானொலியா?

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், மீன் குட்டை வெட்டப் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் கிடைக்கிறது. குட்டை வெட்டிவிடலாம், அதில் விட்ட மீன் பிழைத்து வளர வேண்டுமானால் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கென்று அரசு ஒதுக்கும் பணத்தை நெல்லைச் சீமையில் எந்த வழியில் செலவிட்டால் பலன் மிகும் என்பதே இங்கு கேள்வி.

முதல் வழி கல்லூரிப் பயிற்சி. 1977-இல் தொடங்கப்பட்ட தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் ஆய்வுக்கூடமும் நோய் கண்டறியும் வசதியும் தேர்ந்த ஆசிரியர்களும் இருக்கின்றனர். மீனின் செவுளை நுண்ணோக்கியில் வைத்து ஒட்டுண்ணியைக் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த இடம் நம் பக்கத்தில் இல்லை. ஆனால் ராதாபுரத்துப் பக்கமோ பாபநாசத்துப் பக்கமோ இருக்கும் ஒருவர், அதிலும் மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண், வீட்டையும் கூலியையும் விட்டுவிட்டுப் பேருந்து மாறித் தூத்துக்குடிக்குப் போய் இரண்டு மூன்று நாள் தங்குவது எளிதன்று.

காலமும் ஒத்துவருவதில்லை. நான் கலந்துகொண்ட ஒரு பயிற்சி, நிதியாண்டு முடியும் நேரத்தில், மாசி மாதத்தில் நடந்தது. எங்கள் குளங்கள் வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகையில் பெருகுகின்றன. மாசியில் குஞ்சு விடுவதைப் பற்றிக் கேட்டவர்கள், அடுத்த முறை குஞ்சு விடும்போது அதில் பாதியை மறந்திருந்தார்கள்.

இரண்டாவது வழி, குளக்கரையிலேயே ஒரு பருவம் முழுவதும் நடக்கும் செயல்விளக்கம். இதன் அருமையை என் தாய்மாமா பட்ட நட்டத்தில்தான் உணர்ந்தேன். ஊர்க் குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, அதாவது மீன்பாசிக் குத்தகையை எடுத்திருந்த அவர், ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் வந்த கட்லா, ரோகு குஞ்சுகளை, வண்டி வந்து நின்ற வேகத்தில் பையைக் கிழித்து நேரே நீரில் கொட்டிவிட்டார். மறுநாள் காலையில் கரையோரம் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பமும் ஒத்துவந்த பின் வாயைத் திறந்து, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, குஞ்சுகள் தாமாக வெளியேற இடம் தர வேண்டும். மாமாவும் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்தாம். இதை அங்கே காதால் கேட்டிருந்தாரே தவிர, கையால் செய்து பார்த்ததில்லை.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பதும் அப்படித்தான். இரவில் பாசியும் சேர்ந்து மூச்சுவிடுவதால், நீரில் கரைந்த ஆக்சிஜன் சூரியன் உதிக்கும் முன்தான் மிகக் குறைவாக இருக்கும். மழைமேகம் நாள் முழுவதும் மூடிய கார்த்திகையில் நிலைமை இன்னும் மோசமாகும். அந்த நேரத்தில் தீவனத்தை நிறுத்தி, மோட்டார் வைத்துக் குளத்து நீரையே எடுத்து மறுபடி குளத்தின் மேலேயே வாரி இறைக்க வேண்டும் என்பதைக் கரையில் நின்று ஒரு முறை கண்டவருக்கு மறுமுறை சொல்ல வேண்டியதில்லை.

இந்த வழிக்கும் குறை உண்டு. ஒரு களப்பணியாளரால் சில குளங்களைத்தான் பார்த்துக்கொள்ள முடியும். மழை பொய்த்தால் அந்த ஆண்டு பாடமே இல்லை. குத்தகைதாரர் இசையாவிட்டால் ஊரார் கரையில் நின்று கற்கவும் முடியாது. ஆகவே அரசுப் பணம் பெறும் குளத்தில் ஊராரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, 1963 முதல் ஒலிக்கும் திருநெல்வேலி வானொலி. செலவு குறைவு; வயலில் நிற்பவரின் காதுக்கும் எட்டும். மணிமுத்தாறு மீன் பண்ணையில் குஞ்சு எப்போது கிடைக்கும், ஆப்பிரிக்கன் கெளுத்திக்கு ஏன் தடை, அது வெள்ளத்தில் தப்பித் தாமிரபரணிக்குள் புகுந்தால் நாட்டு மீன்கள் என்னாகும் என்பவற்றைச் சொல்ல இதுவே போதும். கைவேலையை மட்டும் இதனால் கற்றுத்தர இயலாது.

என் கணிப்பில் பெரும்பங்கு குளக்கரைக்கே போக வேண்டும். கல்லூரிக்கு ஒதுக்கும் பணத்தை, விவசாயிகளை அங்கே அழைப்பதற்கு அல்லாமல், குளக்கரைக் களப்பணியாளர்களைப் பயிற்றுவதற்கும் நோயுற்ற மீனைச் சோதிப்பதற்கும் செலவிடலாம். எப்படிப் பிரித்தாலும், அந்தப் பணம் புரட்டாசி முடிவதற்குள் களத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.