வாசலா, தொலைபேசியா, படிவமா? யாழ்ப்பாணத்தில் மாணவர் நடத்தும் கருத்தாய்வுக்கு எது தகும்

"வணக்கம் அம்மா, குடிநீர் பற்றி ஒரு கருத்தாய்வு செய்கிறோம்."

"நீர் எந்த வங்கி, பிள்ளை?"

மறுமுனையில் பேசியவருக்கு எழுபது வயதிருக்கும். அந்த வாரம்தான் யாரோ ஒருவர் பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லி அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டிருக்கிறார். மாணவி தன் ஊரைச் சொன்னாள், தகப்பனின் ஊரைச் சொன்னாள், படித்த பள்ளிக்கூடத்தைச் சொன்னாள். அதன் பிறகுதான் அந்த அம்மா முதல் கேள்விக்கு வந்தார். வந்தவர் இருபது நிமிடம் பேசினார். தன் வீட்டுக் கிணறு எந்த ஆண்டில் உவரத் தொடங்கியது, நல்ல தண்ணீருக்கு எத்தனை வீடு தள்ளிப் போகவேண்டும், குழாய்நீரில் தேநீர் வைத்தால் ருசி எப்படி மாறும் என்று ஒன்றையும் விடவில்லை. நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாணவர்களின் களஆய்வுகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. ஒவ்வோர் ஆண்டும் அதே கேள்வியோடு வருவார்கள்: வீடு வீடாகப் போகவேண்டுமா, தொலைபேசியில் கேட்டால் போதாதா, கூகுள் படிவம் அனுப்பினால் என்ன? கேள்வி நியாயமானது. பரீட்சைக் காலம் போக அவர்களுக்குக் கிடைப்பது ஆறேழு வாரம். பஸ் காசும் ரீலோட் காசும் சொந்தப் பையிலிருந்துதான் போகும்.

படிவத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பொதுமக்களின் கருத்தை அறிய அது உதவாது. மாணவர் அதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அது பழைய மாணவர் குழுவுக்குப் போகும். அங்கிருந்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போகும். இரண்டு நாளில் ஐந்நூறு பதில் வந்து சேரும். நாவாந்துறையில் வலை பின்னுபவரும் வரணியில் வயல் செய்பவரும் அதில் இருக்கமாட்டார்கள். தொகை பெரிதாக இருப்பது குறையை மூடாது. 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் யார் வெல்வார் என்று கணிக்க, அங்குள்ள லிட்டரரி டைஜஸ்ட் சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அறிவித்தார்கள். 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். அவர்கள் பெயர்களை எடுத்த இடங்களில் முக்கியமானவை தொலைபேசிக் கைநூலும் மோட்டார் வாகனப் பதிவும். பொருளாதார மந்தக் காலத்தில் அவை இரண்டும் வசதியுள்ளவர்களின் பட்டியல்கள். பதில் அனுப்ப மனமிருந்தவர்கள் மட்டுமே அனுப்பியதும் சேர்ந்து கணிப்பைக் கெடுத்தது. படிவத்தைப் பரப்பும் ஒவ்வொரு மாணவருக்கும் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு.

ஆக, உண்மையான போட்டி வாசலுக்கும் தொலைபேசிக்கும் இடையில்தான்.

வாசலின் பெரும்பலம் முகம். படலையில் நின்று கூப்பிட்டு, மதிலில் "நாய் கவனம்" என்று எழுதியிருப்பதையும் பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரர் வெளியே வரும்வரை காத்திருந்து, மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் பாதிச் சந்தேகம் அங்கேயே போய்விடும். விறாந்தையில் இருத்தித் தேநீர் கொடுப்பார்கள். கிணற்றைக் காட்டுவார்கள். கப்பிக்கயிறு தேய்ந்திருப்பதையும், மோட்டார் பூட்டியிருப்பதையும், குடிக்க மட்டும் போத்தல் தண்ணீர் வாங்கி அடுக்கியிருப்பதையும் கண்ணால் காணலாம். தொலைபேசியில் "கிணற்றுத் தண்ணீர் நல்லம்" என்று சொல்லியிருக்கக்கூடியவரின் குசினியில் அந்தப் போத்தல்கள் நிற்கும். இதற்கு ஈடு எதுவும் இல்லை.

மாதிரி எடுப்பதும் வாசலில் எளிது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். அவற்றில் 40ஐ எழுமாற்றாக எடுத்து, ஒவ்வொன்றிலும் வாக்காளர் இடாப்பை வைத்துப் பத்து வீடு தெரிவுசெய்தால் 400 வீடு. இடாப்பில் பெயர் இருப்பவர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கலாம். ஆகவே ஆளைத் தெரிவுசெய்யாமல் வீட்டைத் தெரிவுசெய்து, அங்கே வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்தது என்று கேட்டு அவரிடமே பேசவேண்டும். படலையைத் திறந்தவரிடம் கேட்டுவிட்டு வருவது சோம்பல்.

ஆனால் வாசலுக்கு இரண்டு பெருங்குறைகள் உண்டு. ஒன்று காலம். இருவர் சேர்ந்து போனாலும் ஒரு நாளில் எட்டு, பத்து வீட்டுக்கு மேல் முடிவதில்லை. தெரிவில் நெடுந்தீவு வந்தால் குறிகட்டுவான் வரை பஸ், பிறகு படகு, பின்னேரம் திரும்பும் படகைத் தவறவிட்டால் அங்கேயே தங்கல். மற்றது, கூட்டம். ஒரு வீட்டு முற்றத்தில் கேள்வி கேட்டால் வேலிக்கு அப்பாலிருந்து அயலவர் பதில் சொல்வார். கணவன் இருந்தால் மனைவி பேசமாட்டார். மாமியார் இருந்தால் மருமகள் பேசமாட்டார். இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. கையில் பட்டியலோடு வாசலுக்கு வந்து "வீட்டில் எத்தனை பேர், யார் யார்" என்று கேட்டவர்களைப் போர்க்காலத்தில் கண்ட தலைமுறை இன்னும் அந்த வீடுகளில் இருக்கிறது. மாணவர் அதே கேள்வியை எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சில முகங்கள் இறுகிவிடும். அதை மாணவர்கள் மதிக்கவேண்டும்.

தொலைபேசியில் அந்த வேலிக் கூட்டம் இல்லை. மருமகள் அறைக்குள் போய்ப் பேசலாம். மாலையில் ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து நேர்காணல் முடிந்துவிடும். நெடுந்தீவும் நல்லூரும் ஒரே தூரம். ஒருவர் பிடிபடாவிட்டால் மறுநாள் மீண்டும் எடுக்கலாம். இவையெல்லாம் மெய்தான். பிரச்சினை அதற்கு முன்பே தொடங்குகிறது: எண் எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவில் 1970களில் மிடோஃப்ஸ்கி, வாக்ஸ்பர்க் என்ற இருவர், எண்களை எழுமாற்றாக ஆக்கி அழைக்கும் முறையைச் செப்பனிட்டார்கள். அங்கே தொலைபேசி எண்ணின் முன்னிலக்கங்களே ஊரைக் காட்டின. இங்கே 077 என்று தொடங்கும் எண் பருத்தித்துறையிலும் இருக்கும், காலியிலும் இருக்கும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஆறு இலட்சத்துக்கும் குறைவு. நாட்டின் தொகை இரண்டு கோடிக்கு மேல். எழுமாற்றாகக் கைத்தொலைபேசி எண்களை அழுத்தினால், எடுப்பவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட நம் மாவட்டத்தவராக இருக்கமாட்டார்கள். 021 என்று தொடங்கும் நிலையான இணைப்புகளை மட்டும் அழைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த இணைப்பு எல்லார் வீட்டிலும் இல்லை. கடைகளும் அலுவலகங்களும் ஓய்வுபெற்றவர்களின் வீடுகளும்தான் அதிகம் அகப்படும். அது 1936இன் தவறை யாழ்ப்பாணத்தில் மீண்டும் செய்வதாகும்.

எண் கிடைக்காத மாணவர் என்ன செய்வார்? தன் கைத்தொலைபேசியில் இருக்கும் உறவினரை அழைப்பார். ஒரு முறை என் மேற்பார்வையில் இது நடந்தது. விடைகளை அடுக்கிப் பார்த்தபோது பாதிக்குக் கிட்ட அரச ஊழியர்கள். கடற்றொழிலாளி ஒருவர்கூட இல்லை. அந்தப் பிள்ளைகள் ஏமாற்றவில்லை. அவர்களுக்கு எண் எடுத்துக் கொடுக்கும் வழியை நான் யோசிக்காமல் விட்டிருந்தேன்.

நேரமும் தெரிவுதான். விரிவுரை இல்லாத காலை பத்து மணிக்கு அழைத்தால் ஓய்வுபெற்றவரும் இல்லத்தரசியும் எடுப்பார்கள். குருநகரில் இரவு கடற்றொழிலுக்குப் போனவர் அப்போது உறக்கத்தில் இருப்பார். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுபவர் தோட்டத்தில் நிற்பார். மாலை ஆறு முதல் எட்டு வரை நல்ல நேரம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் தவிர. எடுக்காத எண்ணை வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் குறைந்தது நாலு முறை முயலவேண்டும். அதை விட்டுப் புது எண்ணுக்குப் போனால், எப்போதும் வீட்டில் இருப்பவர்களின் கருத்தைத்தான் திரட்டுவோம். உலகம் முழுவதும் இது கடினமாகி வருகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 1997இல் தன் தொலைபேசி ஆய்வுகளில் நூற்றுக்கு 36 பேரிடம் பதில் பெற்றது. 2018இல் அது 6ஆகக் குறைந்தது. நம் ஊரில் மனிதர் இன்னும் பேசுகிறார்கள். அந்த நல்ல மனதை வீணாக்கக்கூடாது.

வினாக்கொத்தும் மாறவேண்டும். தாளில் ஐந்து விடைகளைக் கண்ணால் பார்த்துத் தெரிவுசெய்யலாம். அங்கே முதலில் உள்ளதைக் குறிக்கும் சாய்வு உண்டு. காதால் கேட்கும்போது கடைசியாகக் கேட்டதே மனதில் நிற்கும். ஆகவே தொலைபேசியில் விடைகளை மூன்றாகக் குறைத்து, வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றவேண்டும். கேள்வியின் சொல்லும் விடையை மாற்றும். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டபின் "குழாய்நீரை விரும்புகிறீர்களா?" என்று கேட்டால் பலரும் ஆம் என்பார்கள். "மாதாமாதம் கட்டணம் செலுத்தி எடுப்பீர்களா?" என்றால் வேறு பதில். "குடிப்பீர்களா, குளிக்க மட்டும் பாவிப்பீர்களா?" என்றால் மூன்றாவது பதில். மூன்றையும் கேட்காமல் முடிவு எழுதக்கூடாது.

இன்னும் ஒன்று; இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மாணவியர் தங்கள் சொந்த எண்ணிலிருந்து ஓர் அழைப்பும் எடுக்கக்கூடாது. தவறவிட்ட அழைப்பைக் கண்டு இரவு பத்து மணிக்குத் திருப்பி எடுப்பவர்கள் உண்டு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் எடுப்பவர்களும் உண்டு. ஒரு பிள்ளை அதனால் எண்ணையே மாற்றினாள். ஆய்வுக்கென்று தனி சிம் இரண்டு வாங்குங்கள். துறையில் ஓர் அறையில், இருவர் இருவராக இருந்து அழையுங்கள். வேலை முடிந்ததும் சிம்மைப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். பதிலளித்தவரின் எண்ணும் அதே அளவு காக்கப்படவேண்டியது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மாணவர் ஒரு தடவையாவது வாசித்திருக்கவேண்டும். விடைத்தாளில் எண் இருக்கக்கூடாது; எண் பட்டியல் வேறாக இருந்து, ஆய்வு முடிந்ததும் அழியவேண்டும்.

எதைத் தெரிவுசெய்வது? என் வாக்கு தொலைபேசிக்கு. ஆனால் எண்ணை வாசலில் வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் தெரிவான வீடுகளுக்கு ஒருமுறை போய், யார் என்று சொல்லி, ஆளைத் தெரிவுசெய்து, அவருக்கு வசதியான நேரத்தையும் எண்ணையும் கேட்டு வாருங்கள். பத்து நிமிட வேலை. முழு நேர்காணலையும் அன்றே முடிக்கவேண்டியதில்லை. எண் தர விரும்பாதவரிடமும் தொலைபேசி இல்லாதவரிடமும் மட்டும் அங்கேயே இருந்து கேட்டுவிடுங்கள். இப்படிக் கிடைக்கும் 400 பேர், எளிய எழுமாற்று மாதிரி என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 5 வீத வழு தரும்; அதாவது உண்மை நிலை நம் முடிவிலிருந்து இரு பக்கமும் அவ்வளவு விலகியிருக்கலாம். பிரிவு பிரிவாக எடுப்பதால் உண்மையில் அதைவிடச் சற்றுக் கூடும். அறிக்கையில் அதையும் எழுதுங்கள்.

குரல் முன்பே அறிமுகமாகிவிடுவதால் "எந்த வங்கி?" என்ற கேள்வி பிறகு வருவதில்லை. "அண்டைக்கு வந்த பிள்ளையோ" என்பார்கள்.

அந்த முதல் அம்மா கடைசியில் ஒன்று கேட்டார்: "மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் சொல்வீர்களா?" மாணவி நாட்குறிப்பில் குறித்துவைத்தாள். ஆறு வாரம் கழித்து, எண் பட்டியலை அழிப்பதற்கு முன், அதே சிம்மிலிருந்து அவரை அழைத்தாள். பேசி முடியும்வரை அவர் குறுக்கிடவில்லை. பிறகு, "அப்ப நான் மட்டும் இல்லை" என்றார்.